ஒரே ஒரு சரி

வாத்து கத்தியது.

மூன்றாவது மாடியில், விளக்கெல்லாம் அணைத்த பிறகு, மாமியார் அறைக்குள்ளிருந்து!

அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் துழாவினாள். கணவனைக் காணோம். எழுந்து அந்த அறைக்குப் போனாள்.

கதவுக்குப் பின்னால் கிசுகிசுப்பு.

“அம்மா, ப்ளீஸ்மா. ஒரே ஒரு சரி.”

“கூடாது.”

இதில் ஆச்சரியமில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தை வாயில் வேறு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. புதுத் திரைச்சீலை? கூடாது. பால்கனியில் ஊஞ்சல்? கூடாது. நாய்க்குட்டி? கேட்டு முடிப்பதற்குள் கூடாது.

கதவைத் தள்ளினாள். கட்டிலில் அத்தை. தரையில் முட்டி போட்டபடி கணவன்.

“என்ன நடக்குது இங்க? வாத்து எங்க?”

அத்தை போனைத் தூக்கிக் காட்டினாள். “இதுதான். இவன் காசை எடுக்கணும்னு கேக்கறப்பல்லாம் கத்தும்.”

“எந்தக் காசு?”

கணவன் தலையைச் சொறிந்தான். “நம்ம கிரிப்டோ காசுதான்.”

அது அவளுடைய பணம். பிரசவத்துக்காக வேலையை விட்டபோது கைக்கு வந்த மொத்தப் பணம். குழந்தைக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பாதி ஒரு கம்பெனியில். மீதி, முதலாளியே இல்லாமல் தானாக ஓடும் ஏதோ ஒரு புரோகிராமில். ரெண்டும் கலந்து வட்டி தரும், ஒன்று கவிழ்ந்தாலும் இன்னொன்று நிற்கும் என்று விளக்கியவன் அவன்தான்.

“கம்பெனில இருக்கற பாதியையும் அந்தப் பக்கம் தள்ளிடலாம்னு பாக்கறேன். அங்க வட்டி திடீர்னு எகிறியிருக்கு. ஆனா எடுக்கணும்னா ரெண்டு போன்ல சரின்னு அழுத்தணும். ஒண்ணு என்னுது. இன்னொண்ணு... அம்மாவுது.”

“என் காசுக்கு உங்கம்மா போனா? நான் என்ன, இந்த வீட்டுக்கு விருந்தாளியா?”

அத்தை போனை நீட்டினாள்.

“இந்தா. உன் காசு, உன் விரல். நீயே அழுத்து.”

அவன் சட்டென்று முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டான். அந்த முகத்துக்கு இரங்கித்தான் அவள் முதலில் பணத்தையே கொடுத்தாள். விரல் ‘சரி’ பக்கம் நகர்ந்தது. நடுவில் நின்றது.

“அந்தப் பக்கம் யாருதுங்க?”

“யாருதும் இல்ல. அதான் அழகே! காசோட சாவி நம்மகிட்ட.”

“போச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது?”

“அங்கதான் ஆளே இல்லையே.”

“கம்பெனில?”

“ஆள் இருக்கான். ஆனா சாவியும் அவன்கிட்டதான். அதனாலதான் பாதி பாதியா...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

அவள் ‘மறு’ என்பதை அழுத்தினாள். வாத்து ஒருமுறை கத்தி ஓய்ந்தது.

“ஏன் அத்தை, வைக்க வேற சத்தமே கிடைக்கலையா?”

“தூக்கக் கலக்கத்துல தப்பா சரியை அழுத்திட்டா? வாத்துன்னா சிரிப்பு வருது, முழிச்சுக்கறேன்.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கதான் எதுக்கும் சரின்னே சொல்ல மாட்டீங்களே, இதுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?”

“இவன்தான் வந்து நின்னான். ‘எனக்கே என்மேல நம்பிக்கை இல்லம்மா. அவகிட்ட கேட்டா என் மூஞ்சியைப் பாத்து இரங்கிடுவா. நான் எவ்வளவு கெஞ்சினாலும் நீ கூடாதுன்னு சொல்லுவியா’ன்னான். அதுக்குத்தான் சரின்னேன்.”

அவள் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள்.

“இன்னைக்கு நான் இங்கயே படுத்துக்கறேன் அத்தை.”

அத்தை சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள்.

குழந்தையோடு அறைக்கு வெளியே வந்து நின்று அவன் கேட்டான்: “நாங்களும் உள்ள வரலாமா?”

“கூடாது!” என்றன இரண்டு குரல்கள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.