அறுபது டிகிரியில் ஒரு மன்றாட்டு

"அக்கா, ஆன்டருக்குப் பத்து மணிக்கு டொக்டரைப் பாக்க டேர்மின். ஸ்கான் பாத்து முடிவு சொல்லப்போகினமாம்" என்றான் றெக்ஸ்.

பிளோறன்ஸ் கையிலிருந்த காலுறைகளைக் கூடைக்குள் போட்டாள்.

"தெரியும். திரும்பத் திரும்பச் சொல்லி என்ரை நெஞ்சைக் கலக்காதை."

"உங்களுக்கு ஏன் கலங்குது? முழங்கால் அவன்ரையெல்லோ."

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்து ஊரில், இரண்டாம் பிரிவில் ஆடும் உதைபந்தாட்டக் கழகம் அது. இருபத்தெட்டு வீரர்களின் உடுப்பையும் தோய்த்து, காயவைத்து, மடித்து அடுக்குவது இவர்கள் இருவரின் வேலை. ஆன்டர் அந்த இருபத்தெட்டில் ஒருவன். ஸ்பெயின்காரன். கோல் அடிப்பதற்கென்றே வாங்கப்பட்டவன். பதினெட்டு வருடத்தில் ஏழு கழகம் மாறி இங்கே வந்தவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. போன மாதம் பயிற்சியில் முழங்கால் திரும்பிவிட்டது. டொக்டர் சரி என்றால் இன்னும் ஒரு வருடம் ஆடுவான். இல்லை என்றால் எல்லாம் இன்றோடு சரி.

"றெக்ஸ், நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்றாள் பிளோறன்ஸ்.

"என்ன, ஆரின்ரையும் சேட் சுருங்கிப்போச்சோ?"

"போன சனி கெவலார் மாதா திருவிழாவுக்குப் போனனானெல்லே. முதல் நாள் ஆன்டர் இஞ்சை வந்து ஒரு கடதாசியை நாலாய் மடிச்சுத் தந்தவன். 'அக்கா, இது என்ரை மன்றாட்டு. அங்கை பெட்டிக்குள்ளை போட்டுவிடுங்கோ' எண்டான்."

"போட்டியளோ?"

"ஏப்ரன் பொக்கெற்றுக்குள்ளை வைச்சனான். பிறகு ஏப்ரனைக் கழட்டி மெசினுக்குள்ளை போட்டிட்டன். அறுபது டிகிரி."

றெக்ஸ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பொக்கெற்றைத் தடவிப் பாக்காமல் ஒண்டும் போடாதை எண்டு எனக்கு எட்டு வருசமாய்ப் படிப்பிக்கிறது ஆர் அக்கா?"

"சிரி, சிரி. கெவலார் போற பஸ்ஸுக்குள்ளை ஏறின பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. உயிர் போட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன? பந்தடிக்கிறவன் வேறை என்னத்தைக் கேட்டு எழுதியிருக்கப்போறான்? மாதாவுக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டு நானே வாயாலை சொன்னன். 'தாயே, இந்தப் பிள்ளையின்ரை முழங்காலைச் சுகமாக்கு. இன்னும் மூண்டு வருசம் விளையாடட்டும்.' அங்கை இருந்ததுக்குள்ளை பெரிய மெழுகுதிரியாய்ப் பாத்து ஏத்தினன்."

"அவன்ரை ஒப்பந்தமே ஒரு வருசத்துக்குத்தானே. நீங்கள் மூண்டு கேட்டனீங்களோ?"

"கூடக் கேட்டு வைச்சால்தானே குறைச்சாவது கிடைக்கும்."

"மாதாவிட்டையும் மீன்கடைப் பேரம்தான்."

பிளோறன்ஸ் சிரிக்கவில்லை. "நான் சொன்னதும் அவன் எழுதினதும் ஒண்டாகுமோ? அவன்ரை தேப்பனை நினைச்சுப்பார். மீன்பிடிக்கிற வள்ளத்தை வித்து மகனைப் பந்தடிக்க விட்ட மனுசன். ஒவ்வொரு ஆட்டம் முடியவும் ஸ்பெயினிலையிருந்து ரெலிபோன் எடுக்கிறார். டொக்டர் ஏலாது எண்டு சொன்னால் அந்தப் பாவம் என்ரை தலையிலைதான்."

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. ஆன்டர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, துவாய் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தான்.

அவனும் பிளோறன்ஸும் பேசிக்கொள்வது ஜேர்மன் மொழியில்தான். அதற்குள் 'அக்கா', 'தம்பி' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழில் ஓடித்திரியும். 'அக்கா'வை அவன் றெக்ஸிடமிருந்து பிடித்துக்கொண்டான்.

"முடிஞ்சுது அக்கா" என்றான்.

"என்ன தம்பி முடிஞ்சுது?"

"இனி விளையாடினால் நாப்பது வயசிலை தடி ஊண்டித்தான் நடப்பனாம். டொக்டர் எழுதியே தந்திட்டார்."

பிளோறன்ஸ் மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். றெக்ஸ் சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு தம்பி. உன்ரை கடதாசி மாதாவிட்டைப் போகேல்லை. உந்த மெசினுக்குள்ளைதான் போனது. மா மாதிரிக் கரைஞ்சு வந்தது. நான் அதைப் பத்திரமாய்க் கொண்டுபோயிருந்தால்..."

ஆன்டர் துவாய் ஒன்றை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பிளோறன்ஸ் அவனுடைய முதுகைத் தடவினாள்.

"கடதாசி போகாட்டிலும் நான் சும்மா வரேல்லையடா தம்பி. முழந்தாளிலை நிண்டு கேட்டனான்."

துவாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ன கேட்டனீங்கள்?"

"முழங்கால் சுகமாகி, இன்னும் மூண்டு வருசம் நீ விளையாடவேணும் எண்டு."

துவாய் விலகியது. கண் நிறைய நீரோடு சிரித்துக்கொண்டிருந்த அவன் முகம் ஒரு நொடி வெளிறியது.

"மூண்டு வருசமோ? அக்கா, ஒவ்வொரு நாளும் ஊசி போட்டுத்தான் இந்தக் காலாலை நான் படியிறங்கிறன். நிப்பாட்டப்போறன் எண்டு சொல்ல வாயெடுத்தால், அப்பா 'இன்னும் ஒரு வருசம்' எண்டுவார். வள்ளத்தை வித்தவரிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது? இண்டைக்கு டொக்டரே அப்பாவுக்கு ரெலிபோனிலை சொன்னார். 'சரி மகனே, வீட்டை வா' எண்டு அப்பா சொல்லிப்போட்டார்."

அவன் துவாயை அழகாக மடித்து மூட்டைமேல் வைத்தான்.

"அந்தக் கடதாசியிலை ஒரேயொரு வரிதான் அக்கா எழுதினனான். 'தாயே, டொக்டர் ஏலாது எண்டு சொல்லவேணும்.'"

பிளோறன்ஸ் மெசின் கதவில் ஒட்டியிருந்த சிறிய மாதா படத்தைப் பார்த்தாள். பிறகு, அவனுக்குக் கேட்காதபடி தமிழில் மெல்லச் சொன்னாள்:

"நல்லகாலம் தாயே, நான் கேட்டதை நீ காதிலை விழுத்தேல்லை."