மாலைச் சலாம்

அந்தி வெயிலில் பாய்ப்படகு தேயிலைத் தோட்டத்துக் குளத்தின் நடுவே போனது. படகில் அவர்கள் இருவர் மட்டுமே.

"காத்து கொறஞ்சிருச்சு," என்றான் ராசையா.

"அக்கரை ஏறிட்டா லக்கல காடுதான். எப்படியாச்சும் ஓட்டுங்க," என்றாள் அழகாயி.

குளக்கட்டில், கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி வந்து நின்றார்.

"பாத்துட்டாருன்னா ரெண்டு பேரையும் வெட்டிருவாரு."

"குனியாத புள்ள. நிமிந்து ஒக்காரு."

கங்காணி பதறித் தலைப்பாகையை அவிழ்த்தார். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இடுப்பு வளையக் குனிந்து சலாம் வைத்தார்.

பங்களாவில் திருடிய துரையின் தொப்பியை ராசையா லேசாக உயர்த்தினான். படகு கடந்து போகும்வரை கங்காணி நிமிரவேயில்லை.

துரைசாணியின் கவுனுக்குள் அழகாயி குலுங்கினாள்.

"தப்பிச்சிட்டோமே புள்ள, ஏன் அழுவுற?"

"எங்கப்பா இவ்வளவு குனிவாருன்னு எனக்குத் தெரியாதுங்க."