நாற்பது நாடு பார்த்த கல்

தலையில் மூட்டையோடு கம்பி வேலியோரம் நின்றிருந்தாள் வெள்ளச்சி. "விருந்தாளிகளுக்குச் சாமை கொண்டுவந்திருக்கிறாள். மலைக்காரர்களின் வழக்கம்" என்று நாற்பது நாட்டு நிலவியல் அறிஞர்களிடம் ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தார் பேராசிரியர் விஜயராகவன்.

"சார், ஒரு வார்த்த..."

"இரும்மா. கடைசில கூப்பிடறேன்."

"காலைலேர்ந்து இதையேதான் சொல்லிக்கினு இருக்கீங்க."

இந்த உலக மாநாட்டைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துவர அவர் எழுதிய கடிதங்களை வரிசையாக விரித்தால் உளுந்தூர்பேட்டையைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம். முதல் தடவை ஒரே ஓட்டில் கைநழுவியது. அடுத்த தடவை கொரோனா விழுங்கியது. மூன்றாம் தடவை கிடைத்தபோது அவர் தலையில் முடியில்லை. ஊரில் கிடைத்த பெரிய அரங்கம் ஒரு கல்யாண மண்டபம்.

எல்லாம் கரியாலூர் ஓடைக்கரையில் கிடக்கும் இந்த ஒற்றைக் கல்லுக்காக. சுற்றிலும் மலையே கறுப்பு. இது மட்டும் ரோஜா நிறம். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறை உருட்டிவந்தது என்பது அவர் கட்சி. மேல்பக்கம் முகம் பார்த்துத் தலை சீவலாம், அத்தனை வழவழப்பு. பனி தேய்த்த தேய்ப்பாம். மூன்று வருஷமாக வேலி போட்டு ஈ, எறும்பைக்கூட அண்டவிடவில்லை.

மாநாட்டுத் தலைவி கல்லைத் தட்டினார், தடவினார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆதியிலிருந்தே இது இங்கே கிடந்ததற்கு என்ன சாட்சி?"

விஜயராகவன் தன் ஆய்வுக் கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார். நாற்பது நாடும் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பேருந்தைப் பார்த்தது. பேராசிரியர் ஓய்வுபெற நாலே நாள். இந்த ஜென்மத்தில் இன்னொரு மாநாடு கிடையாது.

சட்டென்று அவர் பார்வை வேலியோரம் போனது. இந்தக் கல்லின் பின்னால் அலைந்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் கல்லு உங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இங்கதானே கிடக்குது? உள்ளத சொல்லு. நான் இவங்களுக்கு எடுத்துச் சொல்றேன்."

நாற்பது நாடும் திரும்பியது.

வெள்ளச்சி மூட்டையை இறக்கினாள். முடிச்சு அவிழ்ந்து அழுக்குப் பாவாடை ஒன்று எட்டிப் பார்த்தது.

"துணி தொவைக்க எங்க மாமனாரு திருக்கோவிலூர்லேர்ந்து லாரில கொணாந்து போட்டது சார். வேலிய எப்ப எடுப்பீங்க?"