எட்டிப் பார்த்த படம்

படம் பிடிக்கப்பட்டவர்கள் அந்தப் படத்தின் வழியே எட்டிப் பார்த்துப் பேசக்கூடிய காலம் அது. செங்கல் சூளையில் மண் மிதித்துக்கொண்டிருந்த மாதேவி, சென்னைக் கண்காட்சியில் மாட்டியிருந்த தன் படத்தின் வழியே எட்டிப் பார்த்தாள். 'பூட்டிய சூளையின் கண்ணீர்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார் புகைப்படக் கலைஞர் நிரஞ்சன். பொன்னாடை போர்த்திக்கொண்டு குத்துவிளக்கேற்ற நின்றவரோ அவளுடைய சூளை முதலாளி தணிகாசலம்.

"அம்மா, கொஞ்சம் சோகமா இருங்க," என்று கிசுகிசுத்தார் நிரஞ்சன்.

"அது கெடக்கட்டும் சார்," என்ற மாதேவி சபையைப் பார்த்தாள். "எங்களப் பூட்டி வச்ச சாவி அந்த ஐயா இடுப்புலதான் தொங்குது. வெளக்கேத்துன கையோட அதையும் எடுக்கச் சொல்லுங்க."

சபையே தணிகாசலத்தைச் சூளைக்கு அழைத்துப்போய்ப் பூட்டைத் திறக்க வைத்தது.

மறுநாள் படத்தில் வெறும் சூளைதான் இருந்தது. நிரஞ்சன் அதற்கு 'மௌனம்' என்று பெயர் மாற்றிப் பரிசும் வாங்கிவிட்டார். மாதேவியோ, ஊருக்குப் போகும் பஸ்ஸில் வழி நெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள்.