இடது துடுப்பு

"எந்திரி ரோஷீன். இப்பவே!"

மஜெல்லா போட்ட சத்தத்தில், பக்கத்து மேஜையில் பிலோமினாவின் கையிலிருந்த தேநீர் தளும்பியது. அயர்லாந்தின் கால்வே ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"பன்னை முடிச்சுக்கிறேம்மா..."

"விடு அதை!"

அப்படி என்ன அவசரம்? பிலோமினா சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் முகக்கவசத்தோடு ஒரு பையன். பதினோரு வயசு இருக்கும். இருமல் அந்த ஒல்லி உடம்பைக் குலுக்கி எடுத்தது.

ரோஷீனும் அவனைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அது..."

"தெரியும். வா."

"ஒரே ஒரு தடவை, கிட்டப் போய்..."

"கூடாதுன்னா கூடாது!"

மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்கதவுப் பக்கம் இழுத்துப் போனாள் மஜெல்லா.

பிலோமினாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, உன் பிள்ளைக்கு மட்டும் என்ன, தங்கத்துல செஞ்ச நெஞ்சா? ஒரு சின்னப் பையன் இருமினதுக்கா இந்த ஓட்டம்? ஞாயித்துக்கிழமையானா பூசைக்குப் போறவதானே நீயும்?"

மஜெல்லா கதவருகே ஒரு தரம் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இதுல அழுகை வேற!"

பையன் வாசலைத் தாண்டவே இல்லை. வெளியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவன் அப்பா அட்மிஷன் கவுன்டரில் நின்றிருந்தார். பிலோமினா போய் அவன் பக்கத்தில் அமர்ந்தார்.

"மனசுல வச்சுக்காத ராசா. ஈவு இரக்கம் இல்லாத பொம்பளை. உன் பேர் என்ன?"

"ஃபின்டன்."

அவன் மடியிலிருந்த டேப்லெட் கிணுகிணுத்தது.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. அவ ஏறிட்டா."

பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, முகக்கவசத்தை இறக்கி ஊதினான். திரையில் ஒரு படகு. வலது துடுப்பு மட்டும் அசைந்தது. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது.

"இந்த நிலைமையில விளையாட்டாப்பா?"

"இதை ஊதினாத்தான் நெஞ்சுச் சளி கழண்டு வரும். தனியா ஊதச் சொன்னா அவ டிமிக்கி கொடுத்துடுவா. நானும்தான். அதான் ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒருத்தர் ஊதலைன்னாலும் படகு நகராது."

"யாருப்பா அவ?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே கை காட்டினான். கார் ஒன்றின் பின்சீட்டில் ரோஷீன், வாயில் அதே மாதிரிக் குழாய். மஜெல்லா மகளின் முதுகைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் இடது துடுப்பும் அசைந்தது. படகு நேராகக் கிளம்பியது.

பிலோமினா காரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா தினம் சேர்ந்துதான் துடுப்புப் போடறோம். நேர்ல இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றான் ஃபின்டன். "எங்க ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே ஒரே நுரையீரல் நோய். இது இருக்கறவங்க ஒருத்தர் கிட்ட ஒருத்தர் வரக்கூடாது. வேற வேற நாள்லதான் வரச் சொல்லுவாங்க. எனக்குத் திடீர்னு முடியாமப் போய், இன்னிக்கே வந்துட்டேன்."

"கிட்ட வந்தா?"

"என் நெஞ்சுல இருக்கற கிருமிக்கு எந்த மருந்தும் கேக்கலை. உங்களையெல்லாம் அது ஒண்ணும் பண்ணாது. அவளுக்குத் தொத்திக்கிச்சுன்னா..." மறுபடி இருமல்.

"தெரியாமப் பேசிட்டேனே... பாவம், அவ அம்மாவை..."

"அவங்க கூட்டிட்டுப் போகலைன்னா நானே திரும்பி ஓடியிருப்பேன்" என்ற ஃபின்டன், குழாயை மறுபடி வாயருகே கொண்டு போனான். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆன்ட்டி. அவளை மறைக்கிறீங்க."