மூன்றாவது ரேடியேட்டர்

'சூடாக இருக்கும்போது திறக்காதே' என்று ரேடியேட்டர் மூடியிலேயே எழுதியிருந்தது. கிரகோரி அதைப் படித்துக்கொண்டேதான் திறந்தார்.

மூடி போர்ச் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கூடவே கொதிநீர். பின்னால் பாய்ந்த கிரகோரி, மனைவி பிரேமலாவின் ரோஜாத் தொட்டிக்குள் உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயதில், ரேஸ் ஜாக்கெட்டோடு.

"அலமாக்! கையைக் காட்டுங்கண்ணே" என்று மெக்கானிக் ஜெயபாலன் குழாயைத் திறந்துவிட்டான்.

காலை எட்டு மணி. மாசாய் வீட்டிலிருந்து பாசிர் கூடாங் ரேஸ் தடம் கூப்பிடு தூரம். ஒன்பதுக்குப் பதிவு மூடிவிடும். கார் இன்னும் வீட்டு கேட்டையே தாண்டவில்லை.

போன நவம்பரில் அந்தத் தடத்தின் நாலாவது சுற்றில் கார் புல்லுக்குள் ஓடிவிட்டது. வளைவு வந்தது நினைவிருக்கிறது. அப்புறம் புல் நினைவிருக்கிறது. "என்ஜின் ஹீட் ஆயி நின்னுடுச்சுண்ணே" என்று ஜெயபாலன்தான் சொன்னான்.

அன்றிலிருந்து ரேடியேட்டர் ஆராய்ச்சி. பெண் பார்த்தபோதுகூட கிரகோரி இவ்வளவு விசாரித்ததில்லை. செம்பா, அலுமினியமா? இரண்டு வரிசையா, மூன்றா? ஆயில் கூலர் முன்னாலா, பக்கத்திலா?

மெடிக்கல் செக்கப்புக்கு பிரேமலா மூன்று தடவை தேதி வாங்கினாள். மூன்று தடவையும், "கார் முடியட்டும் லா" என்றார்.

இது மூன்றாவது ரேடியேட்டர். பங்குச் சாமியாரின் பெரிய பைபிள் தடிமன். மார்க்கெட்டுக்குப் போனால் ஐஸ் மாதிரி இருக்கும். ரேஸ் நாள் காலையில் போர்ச்சில் நிறுத்தி உறுமவிட்டால் கொதிக்கும்.

"எதை மாத்தணும்னு ஒழுங்கா சொல்லித் தொலையேன்டா!"

"பார்க்கலாம்ணே."

எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தொட்டியில் உட்கார்ந்த உயரத்துக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் பூட்டிய விசிறி கண்ணுக்கு நேராக இருந்தது. என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி அசையவில்லை.

எழுந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். முதல்முறையாக. ஃபியூஸ் பார்ப்பதெல்லாம் கார் தெரியாதவன் வேலை என்பது அவர் கொள்கை.

விசிறிக்கான இடம், பல் விழுந்த மாதிரி காலி.

அதற்குள் பிரேமலா துணியில் ஐஸ் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். வெந்த கையில் வைத்து அழுத்தினாள். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்தாள். இன்னொரு கையைச் சட்டைப்பைக்குள் விட்டு எடுத்து விரித்தாள்.

நகம் அளவில் ஒரு நீல ஃபியூஸ்.

கிரகோரி ஃபியூஸையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கார் விஷயத்தில் ஊருக்கே புத்தி சொல்கிற ஆளை எட்டு மாதமாக ஒரே ஒரு ரிங்கிட் பெறும் சாமான் ஏமாற்றியிருக்கிறது. ஜெயபாலன் கூரையில் விழுந்த பள்ளத்தை அக்கறையோடு ஆராய்ந்தான்.

"அப்போ நவம்பர்லயும் நீதான் கழட்டினியா?"

பிரேமலா ஐஸை எடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் எதையும் தொடலைங்க, அதுக்கப்புறம் ரேஸ் நாள்ல மட்டும்தான் கழட்டினேன். வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மயங்கிட்டீங்க. இவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தப்ப ஸ்டியரிங் மேல சாஞ்சு கிடந்தீங்க. என்ஜின் நல்லா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."