முதல் அழைப்பு

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எலக்ட்ரீஷியன் புளூடூத் மாட்டி முடித்தார். ஸ்டியரிங் பக்கத்தில் மைக்கை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எந்த வண்டியானாலும் முதல் அழைப்பு மனைவிக்குத்தான்.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குது. எதுக்கு இவ்வளவு வேகமா ஓட்டறீங்க? காத்து இரைச்சல் காதைப் பிளக்குது. பக்கத்துல யாரு, சின்னப் பொண்ணு சிரிக்குது?"

கார் ஜாக்கியின் மேல் நின்றிருந்தது. ஷெட்டில் மின்விசிறி கிறீச்சிடுவதைத் தவிர வேறு சத்தமில்லை.

"நான் ஷெட்டுலதான்மா இருக்கேன்."

"விளையாடாதீங்க, மெதுவாப் போங்க." பிறகு அவள் குரல் மாறியது. "என்னங்க, எதுலயோ மோதின மாதிரி... என்னங்க?"

அவர் மைக்கை மாற்றினார், வயரை மாற்றினார். மறுபடி கூப்பிட்டபோதும் அவளுக்கு அதேதான் கேட்டது.

சாயங்காலம் காரை ஜாக்கியிலிருந்து இறக்கும் நேரத்தில் கார்க்காரர் தன் மகளோடு வந்தார். சிறுமி சிரித்துக்கொண்டே ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"சார், மைக்ல கோளாறு. நாளைக்கு எடுத்துக்குங்களேன்."

"ரெண்டு வாரமா நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்றீங்க. போற வழியில உங்களுக்கே போன் பண்றேன், கேக்குதான்னு சொல்லுங்க."

மனைவிக்குக் கேட்டதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எலக்ட்ரீஷியன் சாவியைக் கொடுத்தார்.

விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து ஷட்டரை இறக்கும்போது போன் அடித்தது. கார்க்காரர் நம்பர். எடுத்துக் காதில் வைத்தார். காற்று இரைச்சல் இல்லை, சிரிப்பும் இல்லை. மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எலக்ட்ரீஷியனின் சொந்தக் குரலே பேசியது.

"ஹலோ, கேக்குதா?"